கட்டில் உயரம்

இது சத்தியம். நகரி தேசம்மன் சன்னதியில் கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிற சத்தியம். ஏழுமலையான் ஒன்றும் தூரத்தில் இல்லை, அவரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இதில் ஒரு வார்த்தைகூட கூட்டிச் சொன்னதில்லை. எங்கேயாவது குறைத்திருந்தால், படிக்கிறவர்களும் தூங்க வேண்டுமே என்கிற இரக்கம்தான் காரணம்.

கட்டிலைத் தூக்கி வெளியே போட்ட பிறகும் எண் மாறவில்லை. தேவயானி முதலில் கவனித்தது அதைத்தான்.

இருநூறு. கட்டில் இருந்தபோது செல்போனில் இருநூறு. கட்டில் போய், நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா தரையில் பாயில் கிடக்கிறபோதும் இருநூறு. விட்டத்துக் கொக்கியிலிருந்து நைனாவின் மார்பு வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் அந்த எண். கட்டில், மெத்தையோடு சேர்த்து அறுபது உயரம். அது போய்விட்டது என்றால் இருநூற்று அறுபது காட்ட வேண்டும். கூட்டல் தெரிந்த எந்தக் கருவியும் காட்டும்.

வெளியே சந்தில், கட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்து வீட்டு நாகையா அதன் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கால் ஆடுது தேவி. ஆப்பு அடிச்சா இன்னும் பத்து வருசம் வரும். தேக்கு" என்றார். பிறகு தான் எந்த நேரத்தில் எதைப் பேசுகிறோம் என்பது உறைத்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் தறிக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

நகரியில் அந்தத் தெருவுக்குச் சத்தம் என்பது தண்ணீர் மாதிரி. இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் வழியாக, தரை வழியாக, குடிக்கிற டம்ளர் வழியாக அந்தத் தடதடப்பு ஏறி வரும். பிறந்ததிலிருந்து அதில் ஊறியவர்களுக்கு அது காதில் விழாது, நின்றால்தான் விழும். நாகையாவின் கொட்டகைக்கும் இந்த வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியாகக் கஞ்சி போட்ட நூலின் புளித்த வாசனையும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பஞ்சுத் தூசியும் நாளெல்லாம் வந்துகொண்டிருக்கும். சாதத்தில் விழும், தலையில் விழும், சாமி படத்து மாலையில் விழும். யாரும் அதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்வதில்லை.

நைனா முனிரத்தினத்துக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் போனது பேச்சு. ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. அவருடைய பேச்சை எமனே வந்தாலும் பாதியில் நிறுத்த முடியாது என்பது தெருவின் கணக்கு. பிறகு வலக்கை, வலக்கால், கடைசியில் விழுங்குவது. கூடத்தின் நடுவில், மின்விசிறிக் கொக்கிக்கு நேர் கீழே, தேக்குக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். குளிர் தாங்கவில்லை என்று விசிறியைக் கழற்றிவிட்டார்கள். காலியான கொக்கியைப் பார்த்ததும்தான் தேவயானிக்கு அந்த யோசனை வந்தது.

ரேணிகுண்டாவில் போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. விடிகாலை ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அதுவரை நைனாவுக்குத் துணை அவர் தங்கை செல்லியம்மா அத்தை. அத்தைக்கு ஒரு காது கேட்காது. இன்னொரு காதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்துக்குக் கொடுத்துவிடுவாள். நைனா மூச்சு விடுகிறாரா இல்லையா என்ற கேள்வி தேவயானியை நாள் முழுக்க விடவில்லை. ஆகவே திருப்பதியில் ஒரு கடையில் தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு புரோகிராம் போர்டும், நகம் அளவுள்ள ஒரு லேசர் சென்சாரும் வாங்கிவந்தாள். சென்சார் கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கீழே விடும்; அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் தூரத்தைச் சொல்லும். நைனாவின் மார்பு ஏறினால் தூரம் கொஞ்சம் குறையும், இறங்கினால் கூடும். அந்த ஏற்ற இறக்கம் அவள் போனில் ஒரு கோடாக ஓடும். சோப்பு டப்பாவில் துளை போட்டு, போர்டையும் பவர் பேங்கையும் உள்ளே வைத்து, கொக்கியில் கட்டிவிட்டாள். ரேணிகுண்டாவில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் நைனாவின் மூச்சு.

அத்தை அதைக் கேமரா என்றே முடிவு செய்திருந்தாள். அதன் கீழே போகும்போதெல்லாம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"அது கேமரா இல்ல அத்தே."

"கேமரா இல்லன்னா எதுக்குடி அதுக்குக் கண்ணு வச்சிக் கீறான்?"

கோடு நன்றாக ஓடியது. ஆழமாக, சீராக, கடலோரத்து அலை மாதிரி. திருப்பதியில் லாட்ஜ் மேனேஜராக இருக்கும் அண்ணன் பிரபாகர், மூச்சு பலவீனமாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார், கூட்டிவந்துவிடு, ஆக்சிஜன் வைத்துப் பார்க்கலாம் என்று போன் செய்தபோது, அவள் கோட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். "டாக்டர் ரெண்டு நிமிசம் பாத்தாரு. நா நாள்பூரா பாத்துக்கினு கீறேன்" என்றாள். அண்ணன் போனை வைத்துவிட்டான்.

அத்தை கேட்டது வேறு. "தரையில எறக்கிடுவோம்டி. கட்டில்ல உயிர் போவக் கூடாது. மண்ணும் தொடாம வானமும் எட்டாம நடுவுலயே நின்னுடும்."

"மூச்சு நல்லாத்தான் கீது. இதோ பாரு" என்று அவளுக்கும் கோட்டைக் காட்டினாள் தேவயானி. அத்தை கோட்டைப் பார்ப்பாள், கட்டிலில் கிடக்கும் தன் அண்ணனைப் பார்ப்பாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவாள்.

லீவு நாளான அன்றைக்கு, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அத்தை கோட்டைப் பார்க்கவில்லை. நைனாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். நேராகப் போய் நாகையாவைக் கூட்டிவந்தாள். உதடு நாவல் பழம் தின்ற வாய் மாதிரி இருந்ததைத் தேவயானியும் பார்த்தாள், தடுக்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தாள். சிலிண்டரை எடுத்துக்கொண்டு கார் பிடித்து வருவதாகச் சொன்னான். நைனாவைப் பாயோடு தரையில் இறக்கி, கட்டிலை வெளியே போட்டார்கள். பால் வாங்கிவருகிறேன் என்று அத்தை சொம்போடு கிளம்பினாள். வாயில் ஊற்றுகிற பால்.

அவள் போனதும்தான் தேவயானி போனைப் பார்த்தாள். இருநூறு.

ஹேங் ஆகிப்போயிருக்கும் என்று நினைத்தாள். இந்த மாதிரி மலிவான சாமான்கள் கடைசியாகப் பார்த்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆனால் கோடு நிற்கவில்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஆழமாக, சீராக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் பஞ்சு. முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, டப்பாவின் துளையைத் தாவணி நுனியால் துடைத்தாள். இறங்கிப் பார்த்தாள். இருநூறு.

வெளியே மேகம் கவிந்து மதியத்துக்கே சாயங்கால நிறம் வந்திருந்தது. வடக்கே நகரி மலை, மூக்கு மாதிரி நீண்ட அதன் உச்சி வரைக்கும், மேகத்தில் மூழ்கியிருந்தது. மழைக்கு முந்தைய அந்தக் கனமான காற்றில் சாயப் பட்டறை வாடை தெருவெல்லாம் தேங்கி நின்றது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாயில் நைனாவின் மார்பு ஏறியது, நின்றது, வெகுநேரம் யோசித்துவிட்டு இறங்கியது. அவள் போனைப் பார்த்தாள். அதற்குள் கோடு நாலைந்து அலை போயிருந்தது.

இரண்டும் ஒன்றல்ல.

வேலை தெரிந்தவள், பயப்படுவதற்கு முன் சோதித்துப் பார்க்கிற பழக்கம் கையில் இருந்தது. முக்காலியில் ஏறி, கொக்கிக்கு நேர் கீழே கையை நீட்டினாள். எண் சடாரென்று குறைந்தது. ஆக, சென்சார் வேலை செய்கிறது. கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். எண்ணும் கூடிக்கொண்டே வந்தது. முக்காலியை விட்டு இறங்கி, நைனாவின் பக்கத்தில் நின்று, கையை முகத்துக்கு நேராக, தோளுக்கு நேராக, வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்தாள். எண் கூடிக்கொண்டே வந்தது. இடுப்பு உயரத்தில் இருநூறு.

இன்னும் இறக்கினாள். இருநூறு.

முழங்கால் வரைக்கும் இறக்கினாள். இருநூறு. கை கீழே இருந்தது. சென்சாருக்கு அது தெரியவில்லை. நடுவில் வேறு ஏதோ இருந்தது.

அப்போதுதான் கைக்குச் சூடு தெரிந்தது. நெருப்பின் சூடு அல்ல. பஸ்ஸில் ஒருவர் எழுந்து போன இடத்தில் உடனே உட்கார்ந்தால் தெரியுமே, அந்த மாதிரிச் சூடு. லேசான ஈரமும். கையை வெளியே இழுத்து முகர்ந்தாள். நைனாவின் வாசனை அவளுக்குத் தெரியும். கஞ்சியும் பீடியும் தைலமும். இது அது இல்லை. நாள்கணக்கில் சீப்பு படாத, மழையில் நனைந்து காயாத தலைமயிரின் வாடை.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"வடமாலப்பேட்டை தாண்டிட்டேன். ஒரே டிராபிக்கு. மூச்சு கீதா?"

"கீது" என்றாள். யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

"லைன் எப்டி போவுது?"

"நல்லா போவுது அண்ணா."

"அப்ப கவலப்படாத. வந்துட்டே கீறேன்."

போனை இறக்கிய அந்த நேரத்தில் கரண்ட் போனது.

தெருவின் தறிகள் அத்தனையும் ஒன்றாக நின்றன. கடைசியாக நாகையாவின் மூலைத் தறி இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது. அந்த அமைதி கூரை இறங்கியது போல வீட்டின்மேல் இறங்கியது. காதில் இரைச்சல் மட்டும். அதுவும் அடங்கியது. அடங்கிய பிறகு, தரையில் நைனாவின் மூச்சு கேட்டது. உலர்ந்த ஓலையை இழுப்பது போல, நீண்ட இடைவெளி விட்டு.

அதற்கு மேலே இன்னொன்றும் கேட்டது.

இடுப்பு உயரத்தில். ஆழமாக. சீராக. நன்றாகத் தூங்குகிற ஒருவரின் மூச்சு.

தேவயானி அசையவில்லை. போனில் கோடு அந்த மூச்சோடு சேர்ந்து ஏறியது, சேர்ந்து இறங்கியது. பார்த்துக்கொண்டே நின்றவளுக்குச் சென்சாரை மாட்டிய முதல் நாள் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு டேப் வைத்து அளந்திருந்தாள். கொக்கியிலிருந்து நைனாவின் மார்பு வரை டேப்பில் இருநூறு. சென்சார் காட்டியது நூற்று எண்பத்தைந்து. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். மலிவான சென்சாரில் அப்படித்தான் இருக்கும். கம்பெனியில் எல்லோரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். புரோகிராமில் ஒரு வரி எழுதினாள்: வருகிற எண்ணோடு பதினைந்தைக் கூட்டிக்கொள். கணக்கு நேரானது. டேப்பும் சென்சாரும் ஒன்றையே சொல்லின. அவள் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

சென்சார் தப்பாகக் காட்டவில்லை.

நைனாவின் மார்புக்கு மேலே, ஒரு சாண் தடிமனில், முதல் நாளிலிருந்தே ஒன்று படுத்திருந்தது. சென்சார் அதைத்தான் பார்த்தது. பார்த்ததைச் சொன்னது. அவள்தான் ஒரு வரி எழுதி அதை இல்லாமல் ஆக்கினாள். டாக்டருக்குப் பதிலாகக் காட்டிய கோடு, அண்ணனுக்கு அனுப்பிய கோடு, தயிர்சாதத்தோடு பார்த்துப் பார்த்து வயிறு நிறைந்த கோடு, எதுவுமே நைனாவின் மூச்சு இல்லை. அடியில் அவருடைய மூச்சு நசுங்கிக்கொண்டிருந்தது. மேலே அது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இவள் அது நன்றாகத் தூங்குகிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நைனா" என்றாள்.

குனிந்து, தலையை மிகத் தாழ்த்தி, பாயின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தாள். இழுத்தாள். ஒரு காலத்தில் நூல் சுற்றிய பாவு உருளையை ஒற்றைத் தோளில் தூக்கியவர். இப்போது பாய் தனியாக வருவது போல வந்தார். சிமெண்டுத் தரையில் பாய் சரசரத்தது. வாசல் பக்கம், கொக்கியின் நேரை விட்டு வெளியே, கதவு வழியாக வந்த மங்கல் வெளிச்சம் விழும் இடம் வரைக்கும் இழுத்துவந்துவிட்டுப் போனைப் பார்த்தாள்.

எண் குதித்தது. தரை வரைக்கும் இறங்கியது. கோடு படுத்துவிட்டது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை.

கொக்கிக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. வெறும் தரை.

தேவயானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு. தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். சிலிண்டர் வந்துவிடும். ரப்பர் மூடியை மூக்கில் வைப்பார்கள். உதடு பழைய நிறத்துக்கு வரும். அவள் நைனாவின் காலைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. ஆனால் மார்பு ஏறியது. நின்றது. இறங்கியது. அது போதும். அண்ணன் வருகிறவரைக்கும் அது போதும்.

தறி ஓடும்வரை பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். தறி நின்றால் இறங்கும்.

கதவு வெளிச்சத்தில் அது இறங்குவது தெரிந்தது. காற்றே இல்லாத வீட்டில், மாவு சலிப்பது போல, அவசரமே இல்லாமல். அவள் மடியில் விழுந்தது. தரையில் விழுந்தது. நைனாவின் பாதங்களில் விழுந்தது.

மார்பில் விழவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நைனாவுக்கு மேலே, கட்டில் உயரத்தில், பஞ்சு நின்றிருந்தது. முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பிறகு கோட்டுக்கு இரண்டு பக்கமும் சரிவு. சரிவுகளில் மெல்லிய படலம். தோள்பட்டை. இன்னொரு தோள்பட்டை. நடுவில் பள்ளம், முதுகெலும்பு ஓடுகிற பள்ளம். கழுத்து. அதற்கு மேல் உருண்டையாக ஒரு தலை. பின்தலை.

குப்புறப் படுத்திருந்தது. நைனாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு.

பஞ்சு மூடிய முதுகு ஏறியது. இறங்கியது.

அது கொக்கிக்குக் கீழே படுத்திருக்கவில்லை. நைனாவுக்கு மேலே படுத்திருந்தது. எங்கே இழுத்தாலும் அங்கே வரும்.

அவள் மறுபடி பாயைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அந்தத் தலை, பஞ்சு உதிர, அவள் பக்கம் கொஞ்சம் திரும்பியது போலிருந்தது. அவ்வளவுதான். கொஞ்சம்தான். அதற்குப் பிறகு கை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

நைனாவின் மார்பு ஏறியது.

நின்றது.

இறங்கவில்லை.

மேலே இருந்தது இறங்கத் தொடங்கியது. அவசரமே இல்லை. அந்தப் பஞ்சு முதுகு சமமாகத் தாழ்ந்து வந்தது. கட்டில் உயரம். முக்காலி உயரம். ஒரு சாண். நைனாவின் கண்கள் திறந்திருந்தன. அவை மேலே பார்த்தன. பிறகு அவளைத் தேடின. அவளைக் கண்டன. இத்தனை மாதம் பேசாத வாய் எதையோ சொல்ல வந்தது. இடது கைவிரல்கள் பாயைச் சுரண்டின.

பஞ்சு அவர்மேல் படிந்தது. மார்பில், வயிற்றில், முகத்தில், திறந்த கண்களில். இமைக்கவில்லை.

வீடு முழுக்க ஒரு மூச்சுமே இல்லை.

கரண்ட் வந்தது. தெருவின் தறிகள் அத்தனையும் ஒன்றாகத் தடதடத்தன. டம்ளர் அதிர்ந்தது, சாமி படம் அதிர்ந்தது. அந்த அதிர்வில்தானோ என்னவோ, பாயில் இருந்தது எழுந்தது. மனிதர் எழுகிற மாதிரி தலை முதலில் வரவில்லை. முதுகு முதலில் கிளம்பியது. தலையும் கைகளும் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து, கடைசியில் அவையவை தம்தம் இடத்தில் நின்றன.

"பசிக்குது" என்றார் முனிரத்தினம். சுத்தமாகச் சொன்னார்.

சொம்போடு வாசலில் நின்ற செல்லியம்மா அத்தைக்கு அந்த ஒற்றைச் சொல் நல்ல காதிலேயே விழுந்தது. "யப்பா தேசம்மா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஓடிவந்து சொம்பை நீட்டினாள். சாவுக்கு வாங்கிய பாலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். சோறு கேட்டார். அத்தை பிசைந்து ஊட்டினாள். நாகையா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். அவர் பின்னால் தெருவே வந்தது. வரலட்சுமி என்கிற எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் "தேவுடு உன்னாடு", தெய்வம் இருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கட்டிலை உள்ள போட்டுடட்டா?" என்று கேட்டார் நாகையா.

பிரபாகர் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்து வழியாக ஓடிவந்தான். நைனா உட்கார்ந்து சோறு சாப்பிடுவதைப் பார்த்து, சிலிண்டரை வாசலிலேயே கிடத்திவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"உன் மிஷின் கரெக்டாத்தான் சொல்லிக்கினு இருந்துக்குது, தேவி. நாங்கதான் நம்பல."

தேவயானி சுவரோரம் நின்றிருந்தாள். நைனா எல்லாருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்று மார்பு. வாய் மென்றது, கன்னம் அசைந்தது, கண்கள் ஒவ்வொருவராகப் பார்த்தன. மார்பு மட்டும் பலகை மாதிரி இருந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. அதைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி மரமாட்டம் நிக்கிற. நைனா சாஞ்சிடப் போறாரு, பின்னால போயி தாங்கிப் புடி" என்றாள் அத்தை.

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பின்னால் போனாள். மண்டியிட்டாள். நைனாவின் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

முதுகு ஏறியது. இறங்கியது. ஆழமாக. சீராக. அந்த அலையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்துக்கு எதிரே நைனாவின் பின்தலை. பஞ்சு ஒட்டிய நரைமயிர். அது நடுவில் மெல்ல இரண்டாகப் பிரிந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரு மூச்சு வந்து அவள் கழுத்தில் பட்டது. மயிர் மூடிக்கொண்டது. மறுபடி பிரிந்தது.

இதை இத்தனை விவரமாகச் சொன்னவர் முனிரத்தினம்தான். அவருக்குப் பிரபாகர் ஒரே பிள்ளை; மகள் என்று யாரும் கிடையாது.